சுருட்டுக்குப் பிறந்த சாக்கெட்

கதைக்கும் கவிதைக்கும் திரைப்படத்துக்கும் விமர்சனம் எழுதுகிறோம். நாள்தோறும் நம் கை படுகிற பொருள்களுக்கு அநேகமாக யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. ஒரு பொருளை வடிவமைத்தவருக்கும் ஒரு நோக்கம் உண்டு. அதில் வெற்றியும் உண்டு, பிழையும் உண்டு. அவற்றை எடைபோட்டுப் பார்ப்பது விஞ்ஞானம் கற்போருக்கு நல்ல பயிற்சி அல்லவா? இம்மாதம் அப்படி ஒரு சிறு பொருளை எடுத்துக்கொள்வோம்.

காரின் முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவே கன்சோல் என்னும் பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. பல கார்களில் அதன் பின்புறத்தில், பின் இருக்கையில் அமர்ந்திருப்பவரின் முழங்காலுக்கு நேராக, மூடி போட்ட வட்டத் துளை ஒன்று இருக்கும். மூடியில் 12 வோல்ட், 120 வாட் என்று பொறித்திருப்பார்கள். அந்தப் பின்னிருக்கைச் சாக்கெட்தான் நமது விமர்சனத்துக்குரிய பொருள்.

"இதில் விமர்சிக்க என்ன இருக்கிறது? கெட்டுப்போனால் புதிது வாங்கி மாட்ட வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். குமாரலிங்கபுரத்திலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட ஓர் இரவு வரையில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்று இரவு நடந்தது

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கோடையில் காற்றடித்தால் கரிசல் மண்ணின் நுண்ணிய தூசி வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் வந்து படியும். இழுப்பு நோய்க்காரர்களுக்கு அது பொல்லாத காலம். எங்கள் பெரியம்மாவுக்கு நெடுநாளாக இழுப்பு உண்டு. மருந்தைப் பனிபோன்ற நுண்துளிகளாக்கி மூக்குக்குக் கொடுக்கும் நெபுலைசர் கருவி வீட்டில் இருக்கிறது. அது வீட்டு மின்சாரத்தில் ஓடுவது. வழியில் தேவைப்படுமே என்று, 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றும் சிறு இன்வெர்ட்டர் ஒன்றைப் பின்னிருக்கைச் சாக்கெட்டில் செருகி வைத்திருந்தார், காரை ஓட்டிய என் தம்பி முறையினர்.

பாதி வழியில் இழுப்பு அதிகமாயிற்று. கருவி ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிட்டது. பிளக்கை அசைத்தால் ஓடும். கையை எடுத்தால் நிற்கும். எனவே அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தோம். சற்று நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. பிளக்கைப் பிடுங்கியபோது விரல் சுட்டது. அதன் நுனி சாக்கெட்டுக்குள்ளேயே இளகி ஒட்டிக்கொண்டு நின்றது. நல்லவேளையாக, வழியிலிருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரியம்மாவுக்கு மருந்து கொடுத்துத் தேற்றினார்கள். இத்தகைய வேளையில் முதலில் 108-ஐ அழைக்க வேண்டும், காரிலுள்ள ஒரு துளையை நம்பிப் புறப்படக்கூடாது என்பது நாங்கள் கற்ற முதல் பாடம்.

மறுநாள் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தோம். நீல நிறமுள்ள 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் பச்சை நிறமுள்ள 30 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தது. "போன மாசம் ஒர்க்‌ஷாப்புல போட்டதுண்ணே. பதினஞ்சு அடிக்கடி போகுது, முப்பது போட்டுட்டா இனி போகவே போகாதுன்னு சொன்னாங்க" என்றார் தம்பி. அவர்கள் சொன்னது பலித்தது. ஃபியூஸ் போகவில்லை, சாக்கெட்டும் ஒயரும் போயின.

குற்றம் யாருடையது? பெரிய ஃபியூஸ் போட்ட மெக்கானிக்கா? இன்வெர்ட்டரைச் செருகிய தம்பியா? காரைச் செய்தவர்களா? அல்லது அந்தத் துளையே குற்றவாளியா? தீர்ப்புக் கூறுமுன் அந்தத் துளையின் பிறப்பையும் வளர்ப்பையும் அறிந்துகொள்வது நல்லது.

துளை பிறந்த கதை

இந்தச் சாக்கெட் மின்சாரம் வழங்குவதற்காகப் பிறந்ததே அல்ல. சுருட்டும் சிகரெட்டும் பற்றவைக்கப் பிறந்தது. 1920-களில் அமெரிக்கக் கார்களில், ஓடும் வண்டியில் தீக்குச்சி கிழிக்கும் தொல்லை இல்லாமல் புகை பிடிப்பதற்கென்று மின்சார லைட்டர் பொருத்தத் தொடங்கினார்கள். முதலில் அது நீண்ட ஒயரோடு இழுத்து நீட்டுவதாக இருந்தது. பின்பு ஒயர் இல்லாமல், சூடாக்கித் தனியே கையில் எடுக்கும் குமிழாக மாறியது. 1950-களில், சூடானதும் தானே வெளியே துள்ளி வரும் லைட்டர் உருவாயிற்று.

அது வேலை செய்யும் விதம் அழகானது. குமிழின் நுனியில் சுருளாகச் சுற்றிய மின்தடைக் கம்பி இருக்கிறது. குமிழை உள்ளே அழுத்தினால், துளையின் அடியிலுள்ள ஈருலோகத் தகடுகள் அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்து கம்பி செந்தணலாகும். வெவ்வேறு அளவில் விரிவடையும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்தது ஈருலோகத் தகடு. சூடு ஏறியதும் அது வளைந்து பிடியை விடும். உடனே சுருள்வில் குமிழை வெளியே தள்ளும். பத்துப் பதினைந்து விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லைட்டர் வெளியே வரவேண்டிய பொருள். பிளக் உள்ளே நிற்கவேண்டிய பொருள். பத்து விநாடியில் வெளியே தள்ளுவதற்காக வடித்த துளையில், மணிக்கணக்காக உள்ளே நிற்கவேண்டிய பிளக்கை நாம் செருகுகிறோம். மற்றக் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு முரண்பாட்டிலிருந்து கிளைத்தவையே.

இந்த மாற்றம் நேர்ந்த விதமும் எளிது. காரில் பயணி கைக்கெட்டும் இடத்தில் இருந்த ஒரே மின்வாய் அதுதான். 1950-களில் பல கார்கள் 6 வோல்ட் பேட்டரியை விட்டு 12 வோல்ட்டுக்கு மாறின. கைவிளக்கு, டயருக்குக் காற்றடிக்கும் சிறு பம்பு என்று ஒவ்வொன்றாக அந்தத் துளையைத் தேடி வந்தன. பின்பு கைப்பேசி வந்தது. புகைப்பழக்கம் மரியாதை இழந்தது. நம் நாட்டில் பொது இடங்களில் புகைபிடிப்பதற்கான தடை 2008 அக்டோபர் 2 முதல் கடுமையாக்கப்பட்டது. கார்களிலிருந்து லைட்டர் குமிழ் மெல்ல மறைந்தது. துளை மட்டும் நின்றது. நின்றதோடு பின்னிருக்கைக்கும் குடிபெயர்ந்தது.

முதலில் நிறைகள்

குறை சொல்லுமுன் நிறை சொல்வது விமர்சகனின் கடமை. இந்தத் துளைக்கு உலகப் பொதுமை உண்டு. மதுரையில் வாங்கிய காற்றுப் பம்பை மலேசியாவிலுள்ள காரிலும் செருகலாம். நடுவில் நேர்முனை, சுற்றுச் சுவரில் எதிர்முனை என்ற ஒழுங்கு இன்றைய கார்களில் எங்கும் ஒன்றே. இடையில் மின்னணுச் சுற்று எதுவும் இல்லாததால் பேட்டரியின் மின்சாரம் நேராகக் கிடைக்கிறது. அதில் கெட்டுப்போகக்கூடிய உறுப்புகள் சிலவே. நடுத்தெருவில் டயர் காற்றிறங்கி நிற்பவருக்கு இந்தத் துளை செய்யும் உதவியைக் குறைத்துப் பேச முடியாது.

பிடிப்பில்லாத பிடி

இனிக் குறைகளுக்கு வருவோம். முதலாவது பிடிப்பு. பிளக்கின் நுனியில் சுருள்வில் பொருத்திய நேர்முனை இருக்கிறது. துளையின் அடியை அது அழுத்தினால்தான் மின்சாரம் பாயும். அது அடியை அழுத்தும்போது, அடி அதைத் திருப்பி அழுத்துகிறது. எதிர்விசை பிளக்கை வெளியே தள்ளுகிறது. இதைத் தடுத்து நிறுத்துவது, பிளக்கின் இரு பக்கங்களிலும் உள்ள மெல்லிய வில்தகடுகளின் உராய்வு மட்டுமே. மேடுபள்ளச் சாலையில் கார் குலுங்கக் குலுங்க, உராய்வு தோற்று, சுருள்வில் வெல்கிறது. பிளக் மில்லிமீட்டர் கணக்கில் பின்வாங்குகிறது. தொடுமுனை பாதி தொட்டும் தொடாமலும் நிற்கிறது.

பாதி தொட்டால் என்ன ஆகும்? தொடுமிடத்தின் மின்தடை உயரும். மின்தடையில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமையும் என்பது ஜூல் விதி. நல்ல தொடுமுனையில் மின்தடை மிக மிகச் சிறியது. தூசியும் துருவும் படிந்து அது 0.2 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசிக்கு அரை ஆம்பியர் போகும்போது அங்கே பிறக்கும் வெப்பம் 0.5 × 0.5 × 0.2, அதாவது 0.05 வாட். அது நமக்குத் தெரியவே தெரியாது. இன்வெர்ட்டருக்கு 10 ஆம்பியர் போகும்போது 10 × 10 × 0.2, அதாவது 20 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்குவதற்கு வைத்திருக்கும் சிறு பற்றுக்கோலின் சக்தி 25 வாட்தான்! விரல் நகத்தளவு இடத்தில், பிளாஸ்டிக் சூழ, அத்தகைய ஒரு கோலைச் செருகிவைத்தால் என்ன ஆகுமோ அதுதான் எங்கள் காரில் நடந்தது. கைப்பேசிக்கு ஒழுங்காக வேலை செய்த சாக்கெட், நெபுலைசருக்கு மட்டும் ஏன் உருகியது என்பதற்கும் விடை இதுவே.

வீட்டுச் சாக்கெட்டுகளில் இந்த ஆபத்து ஏன் இவ்வளவு இல்லை? 120 வாட் கருவி 230 வோல்ட்டில் ஏறத்தாழ அரை ஆம்பியர்தான் வாங்கும். அதே 120 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் வேண்டும். மின்னோட்டம் 19 மடங்கு என்றால், அதே தொடுமுனையில் வெப்பம் 350 மடங்குக்கும் மேல். 12 வோல்ட் என்றால் ஷாக் அடிக்காது, எனவே ஆபத்தில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் குறைந்த மின்னழுத்தத்தில் அதிக மின்னோட்டம் தேவைப்படுவதால், தீப்பிடிக்கும் வாய்ப்பு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

அரை மில்லிமீட்டர் அநியாயம்

இரண்டாவது குறை அளவு. உலகமெங்கும் ஒரே துளை என்று மேலே புகழ்ந்தோம். உற்றுப் பார்த்தால் துளையின் அளவு இரண்டு வகை. அமெரிக்க மோட்டார் பொறியியலாளர் சங்கத்தின் தர ஆவணத்தில் உள்ளபடி ஒரு வகையின் உள்விட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர். ஐரோப்பிய வழக்கிலிருந்து வந்த மற்றொன்று ஏறத்தாழ 21.5 மில்லிமீட்டர். இடைவெளி அரை மில்லிமீட்டர்தான். ஆனால் உராய்வை மட்டும் நம்பி நிற்கும் பிளக்குக்கு அரை மில்லிமீட்டர் பெரிய சங்கதி. சிறிய வகைக்குச் செய்த பிளக்கைப் பெரிய வகையில் செருகினால் அது தளர்ந்து ஆடும். கடையில் பிளக்கை வாங்கும்போது இன்ன வகை என்று எவரும் சொல்லுவதில்லை, நாமும் கேட்பதில்லை.

மூன்றாவது குறை, எல்லாக் கருவிக்கும் ஒரே வாசல். நம் வீட்டைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி 6 ஆம்பியர் சாக்கெட் சிறியது, 16 ஆம்பியர் சாக்கெட் பெரியது. வெந்நீர்க் கொதிகலனின் பருத்த பிளக்கை மேசை விளக்கின் சாக்கெட்டில் செருகவே முடியாது. பள்ளிப் பிள்ளையும் தவறு செய்ய முடியாதபடி, வடிவமே காவல் நிற்கிறது. காரிலோ 5 வாட் கருவிக்கும் 150 வாட் கருவிக்கும் ஒரே துளை. காவல் நிற்பது, மூடியில் பொறித்த பொடி எழுத்து மட்டுமே. இருட்டில் அவசரத்தில் அதை யார் படிப்பார்கள்?

நான்காவது, துளை திறந்த கிண்ணம். மூடி உடைந்தால் தூசியும் மிட்டாய்த் துணுக்கும் நாணயமும் உள்ளே விழும். சுவர் எதிர்முனை, நடு நேர்முனை. ஒரு நாணயம் இரண்டையும் தொட்டால் குறுக்குச் சுற்றுத்தான். எங்கள் காரில் 15 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போனதற்குக் காரணம், உருகிய சாக்கெட்டைப் பிரித்தபோது கிடைத்தது. அடியில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்று, ஓரம் கறுத்துக் கிடந்தது. ஃபியூஸ் போனபோதெல்லாம் அந்த நாணயத்தைத்தான் அது நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்க மனமில்லாமல் பெரிய ஃபியூஸ் போட்டு அதன் வாயை அடைத்துவிட்டோம்.

ஃபியூஸ் எதைக் காக்கும், எதைக் காக்காது?

இங்கே ஒரு நுட்பத்தை விளக்குவது அவசியம். 15 ஆம்பியர் ஃபியூஸே இருந்திருந்தாலும் தொடுமுனையின் சூட்டை அது தடுத்திருக்காது. ஃபியூஸ் அறிவது மின்னோட்டத்தின் அளவை மட்டுமே. 10 ஆம்பியர் போகிறவரை, எந்த இடம் எவ்வளவு சுட்டாலும் அதற்குக் கவலையில்லை. அப்படியானால் 30 ஆம்பியர் போட்டதில் என்ன தவறு?

தவறு அடுத்த கட்டத்தில் வெளிப்படுகிறது. பிளாஸ்டிக் இளகியதும் நடுமுனை சாய்ந்து சுவரை அரைகுறையாகத் தொடுகிறது. அப்போது 25 ஆம்பியர் ஓடுவதாக வைத்துக்கொண்டால், 15 ஆம்பியர் ஃபியூஸ் சிறிது நேரத்தில் உருகித் துண்டித்துவிடும். 30 ஆம்பியர் ஃபியூஸ் அதைத் தன் அளவுக்கு உட்பட்டது என்று எண்ணிச் சும்மா இருக்கும். பின்னிருக்கை வரை செல்லும் மெல்லிய ஒயர் அந்த மின்னோட்டத்துக்குச் செய்ததல்ல. அது தரைவிரிப்புக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாமல் சூடேறும். ஃபியூஸின் அளவு கருவிக்காக அமைந்ததன்று, ஒயருக்காக அமைந்தது என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். ஃபியூஸை மாற்றிப் பெரிதாக்கினால் ஒயர்தான் ஃபியூஸ் ஆகிவிடும்.

பழைய அளவைத் திருப்பிப் போடுவதற்கு நிறம் துணை செய்யும். இன்றைய தகடு ஃபியூஸ்களில் 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. எந்த இடத்தில் எந்த அளவு என்பது ஃபியூஸ் பெட்டியின் மூடியிலோ கையேட்டிலோ இருக்கும்.

மாற்றும் வேலையும் மறைந்த திருகாணியும்

புதுச் சாக்கெட்டின் விலை சொற்பம். அதை மாட்டும் வேலையோ சொற்பமன்று. எங்கள் வண்டியில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். வண்டிக்கு வண்டி விவரம் மாறும்.

முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்தோம். பல கார்களில் உயிர்காக்கும் காற்றுப் பையின் கட்டுப்பாட்டுப் பெட்டி கன்சோலின் அடியில்தான் இருக்கிறது. அதில் தேங்கிய மின்னூட்டம் வடிவதற்கே இந்தக் காத்திருப்பு. மஞ்சள் நிற உறை போட்ட ஒயர்களும் இணைப்பிகளும் பொதுவாகக் காற்றுப் பையைச் சேர்ந்தவை. அவற்றைத் தொடக்கூடாது.

சாக்கெட்டை முன்புறத்திலிருந்து எடுப்பதற்கு ஒரு வழி உண்டு. உலோகக் குழலின் உட்சுவரில் எதிரெதிராக இரண்டு சிறு சன்னல்கள் தெரியும். சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையத்தின் நாக்குகள் அவற்றில் மாட்டி நிற்கின்றன. சிறு ஸ்க்ரூ டிரைவரால் அந்த நாக்குகளை விலக்கினால் குழல் முன்னே வரும். எங்கள் சாக்கெட் உருகி ஒட்டிவிட்டபடியால் அந்த வழி அடைபட்டது. கன்சோலையே கழற்ற வேண்டியதாயிற்று. கோப்பை வைக்கும் குழியின் ரப்பர் விரிப்புக்கு அடியில் இரண்டு திருகாணிகள், பெட்டியின் உள்ளே இரண்டு, பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியாத கிளிப்புகள். ஒரு கிளிப் உடைந்தது. அரை நாள் போயிற்று.

காரைச் செய்தவர்கள் திருகாணிகளை மறைத்ததற்கு நியாயம் இல்லாமலில்லை. பார்வைக்கு அழகு, குலுங்கும்போது சத்தமின்மை, குழந்தைகளின் கைக்கு எட்டாமை ஆகியவை அந்த நியாயங்கள். ஆனால் ஓர் உறுப்பு தேயும், உடையும் என்று தெரிந்திருந்தால், அதை எளிதில் மாற்றுவதற்கும் வழி வைக்க வேண்டாமா? வீட்டுச் சுவரிலுள்ள சாக்கெட்டை மாற்ற யாரும் சுவரை இடிப்பதில்லை. முகப்பிலுள்ள இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் போதும். கார்ச் சாக்கெட்டை மாற்றக் கன்சோலைப் பிரிக்க வேண்டியிருந்தால், மெக்கானிக்கின் மனம் எதை நாடும்? அரை நாள் வேலையையா, அரை நிமிடத்தில் மாற்றக்கூடிய பச்சை ஃபியூஸையா? அவர் செய்தது தவறு, அதில் ஐயமில்லை. ஆனால் சரியான வழியைக் கடினமாகவும் தவறான வழியைச் சுலபமாகவும் அமைத்த வடிவமைப்புக்கும் அந்தத் தவற்றில் பங்கு உண்டு.

புதிது மாட்டும்போது எங்களுக்குத் துணை செய்த சில குறிப்புகள் வாசகர்களுக்கும் பயன்படலாம். கருகிய சாக்கெட்டை மட்டும் மாற்றினால் போதாது. அதோடு சேர்ந்த இணைப்பியும் நிறம் மாறியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். ஒயரைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை பின்னோக்கி வெட்ட வேண்டும். முறுக்கி டேப் சுற்றும் பழக்கம் காருக்கு ஆகாது. எங்கள் பக்கத்து வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 பாகை செல்சியஸைத் தாண்டும். டேப்பின் பசை இளகி வழியும். உலோகக் குப்பியில் ஒயரை நுழைத்து அழுத்தி இறுக்கும் இணைப்பே நிலைக்கும். நடுமுனைக்கு நேர், சுவருக்கு எதிர் என்பதைப் பேட்டரியை இணைத்தபின் மீட்டரால் சோதித்துக்கொள்ள வேண்டும். வாங்கும் சாக்கெட் லைட்டருக்கானதா, வெறும் மின்வாயா என்றும் பார்க்க வேண்டும். வெறும் மின்வாயில் ஈருலோகத் தகடு இராது. அதில் லைட்டர் குமிழைச் செருகினால் அது வெளியே துள்ளாமல் எரிந்துகொண்டே இருக்கும்.

இறுதியாகச் சுமை வைத்துச் சோதனை. மீட்டர் மட்டும் வைத்துப் பார்த்தால் பாதி தொடும் சாக்கெட்டும் 12 வோல்ட் காட்டி நம்மை ஏமாற்றும். ஏனெனில் மீட்டர் ஏறத்தாழ மின்னோட்டமே வாங்குவதில்லை. 55 வாட் முகப்பு விளக்குப் பல்பு ஒன்றை ஒரு பிளக்கோடு இணைத்துச் செருகினால் நாலரை ஆம்பியருக்கு மேல் ஓடும். பல்பு எரியும்போது பேட்டரியிலும் சாக்கெட்டிலும் மின்னழுத்தத்தை அளக்கலாம். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 4 மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 0.07 ஓம் மின்தடை தரும். ஆகவே வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருப்பது இயல்பு. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ ஓர் இணைப்பு பாதி தொடுகிறது என்று பொருள். பத்து நிமிடம் எரிந்தபின் பிளக்கைத் தொட்டுப் பார்க்கலாம். வெதுவெதுப்பு பொறுக்கத்தக்கது, சுடுவது கூடாது.

மாற்ற முடியாததா?

இவ்வளவு குறையுள்ள துளையை உலகம் ஏன் இன்னும் வைத்திருக்கிறது? நல்ல மாற்று இல்லாமலில்லை. 12 மில்லிமீட்டர் அளவில், இறுகப் பற்றும்படி, மின்சாரம் வழங்குவதற்கென்றே வகுத்த ஒரு சர்வதேசத் தரச் சாக்கெட் உண்டு. ஐரோப்பிய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் அதைக் காணலாம். ஆனால் கார்களில் அது பரவவில்லை. உலகிலுள்ள கோடிக்கணக்கான பிளக்குகள் பழைய துளைக்குச் செய்தவை. துளையை மாற்றினால் அவை பயனற்றுப்போகும். பிளக்குகள் இருப்பதால் துளை நிற்கிறது. துளை இருப்பதால் பிளக்குகள் பிறக்கின்றன.

இதற்கு நம் வட்டாரத்திலேயே ஓர் உவமை இருக்கிறது. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாக மானாமதுரை செல்லும் ரயில் பாதை நெடுங்காலம் 1,000 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள மீட்டர் பாதையாக இருந்தது. அகலப் பாதையின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். ஓர் அளவை முதலில் வகுத்துவிட்டால், தண்டவாளம், பெட்டி, எஞ்சின் அனைத்தும் அதற்கு அடிமை. ஆயினும் 2013-இல் அந்தப் பாதை அகலப் பாதையாயிற்று. செலவானாலும், தாமதமானாலும், பிழையான அளவு நிரந்தரமல்ல.

கார்த் துளைக்கும் அந்த மாற்றம் தொடங்கிவிட்டது. புதிய கார்களின் பின்னிருக்கையில் யு.எஸ்.பி. சி வகை வாய் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்கும் கைப்பேசிகளுக்கு அந்த வாயையே கட்டாயமாக்கியது. 2021-இல் வகுத்த விதிப்படி அது 240 வாட் வரை தரவல்லது. அதைவிட முக்கியமானது, எவ்வளவு மின்சாரம் வேண்டும், எவ்வளவு தர முடியும் என்று கருவியும் வாயும் முதலில் பேசி முடிவு செய்துகொள்வது. வீட்டுச் சாக்கெட்டில் வடிவம் செய்த காவலை, இங்கே அந்த உரையாடல் செய்கிறது. ஆனால் இதையும் கண்மூடிப் புகழ வேண்டாம். கார்களில் வைக்கும் வாய்கள் பல, 240 வாட்டின் அருகில்கூட வருவதில்லை. உள்ளே மின்னணுச் சுற்று இருப்பதால், கெட்டால் வீட்டில் பழுது பார்ப்பதும் அரிது.

தீர்ப்பு

இப்போது குற்றவாளிக் கூண்டுக்குத் திரும்புவோம். அன்றிரவு நடந்ததற்கு ஒரே ஒருவரைக் கைகாட்ட முடியவில்லை. நாணயத்தை விழவிட்டு, பிளக்கை அழுத்திப் பிடித்த எங்களுக்கு ஒரு பங்கு. காரணம் தேடாமல் ஃபியூஸைப் பெரிதாக்கிய பட்டறைக்கு ஒரு பங்கு. தேயும் உறுப்பைத் திறக்க முடியாத பெட்டிக்குள் புதைத்தவர்களுக்கு ஒரு பங்கு. ஆனால் வேர், சுருட்டுக்குப் பிறந்த துளையைச் சிந்திக்காமல் மின்வாய் ஆக்கியதில் இருக்கிறது.

பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணைய வாயிலும் திறந்தது. மோட்டார் வாகனங்களும் அதில் ஒரு துறை. நல்ல தொடக்கம். ஆனால் உதிரிப் பாகம் கடையில் கிடைப்பது மட்டும் பழுது பார்க்கும் உரிமை ஆகிவிடாது. அதை எட்டுவதற்கு வழியும், எங்கள் ஊர் டிரைவரும் மெக்கானிக்கும் படித்துப் புரிந்துகொள்ளத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பும் வேண்டும். எந்தத் திருகாணி எங்கே, எந்த ஃபியூஸ் எந்த நிறம் என்று ஒரு பக்கம் அச்சிடுவதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் ஆகாது.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்தமுறை காரில் ஏறும்போது பின்னிருக்கைச் சாக்கெட்டின் மூடியைத் திறந்து, கைவிளக்கால் உள்ளே பாருங்கள். நாணயம் கிடக்கிறதா? சுவர் கறுத்திருக்கிறதா? பிளக் ஆடுகிறதா? பின்பு ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, நிறம் சரிதானா என்று மூடியிலுள்ள குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. எங்கள் தம்பி இப்போது வண்டியில் 15 ஆம்பியர் நீல ஃபியூஸ் இரண்டை உபரியாக வைத்திருக்கிறார். பெரியம்மாவின் பைக்குள், பேட்டரியில் ஓடும் சிறு நெபுலைசர் ஒன்று தனியாக இருக்கிறது.